கோரையை எவ்வளவு பிடுங்கினாலும் திரும்ப வருதே, காய்கறிப் பாத்தியில என்னதான் செய்யறது?

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், அப்பா அம்மா ரெண்டு பேரும் தோட்டத்துல வேலை செஞ்சவங்க, இப்ப தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குப் பின்னாடி நாலு பாத்தி வச்சிருக்கேன், வெண்டி, கத்திரி, பயத்தங்காய், கொஞ்சம் மிளகாய். லாலாங் புல்லுகூட ஒரு கட்டத்துல அடங்கிடும், இந்தக் கோரை அடங்காது.

போன வருசம் ஆகஸ்ட் வெயில்ல சாங்குல் (மண்வெட்டி) எடுத்து கொத்து கொத்துன்னு கொத்தி, சுத்தமாச்சுன்னு போட்டோ எடுத்து தங்கச்சிக்கெல்லாம் அனுப்பிட்டேன். பத்து நாள்ல முன்னைவிட டபுளா நிக்குது! மண்ணுக்குள்ள கிழங்கு மணி கோத்த மாதிரி வரிசையா இருக்கும், ஒண்ணு முளைச்சு வளர்ற வரைக்கும் மத்தது பாதி தூங்கிட்டு இருக்கும், நான் சங்கிலியை வெட்டி எல்லாத்தையும் எழுப்பி விட்டுட்டேன்.

களைக்கொல்லி மருந்து அடிக்கலாமான்னா, எங்கம்மா வருசக்கணக்கா முதுகுல பம்பு மாட்டி அடிச்சவங்க, "திங்கிற செடி பக்கத்துல அது வேணாம்டா"ன்னுட்டாங்க. பாராகுவாட் 2020 ஜனவரி 1லேர்ந்து இங்க தடை, அது இருந்தப்பவும் இலையைத்தான் கருக்கும், கிழங்குக்கு இறங்காது. கிளைபோசேட் இறங்கும், ஆனா தூங்கற கிழங்கு தப்பிச்சிடும், காத்துல கத்திரி மேல பட்டா கத்திரிதான் முதல்ல போகும்.

எனக்குக் கைகொடுத்தது நிழல்தான். வெயில் இல்லன்னா கோரை வத்திடும். காலிப் பாத்தியில வாரம் ஒருதரம் மண்ணோட ஒட்டி அறுத்துட்டு சக்கரவள்ளிக் கொடியை நெருக்கி நட்டேன், மண்ணு தெரியாம மூட ஒன்றரை மாசம் ஆச்சு, அதுவரைக்கும் அறுக்கறதை விடல. செடி நிக்கிற பாத்தியில அட்டைப்பெட்டி ரெண்டு அடுக்கு, மேல செம்பனை மில்லுல எண்ணெய் எடுத்துட்டு ஒதுக்கற சக்கைக் குலை. ஒரே அடுக்கா பரப்புங்க, குமிச்சு வச்சா அது மக்குறப்ப கொம்பு வண்டு முட்டை போடும், பக்கத்துல தென்னை இருந்தா தொல்லை. பிளாஸ்டிக் ஷீட் வாங்கிடாதீங்க, கோரை முளை ஊசி மாதிரி அதைக் குத்திக்கிட்டு வெளிய வரும், எனக்கு நாப்பது வெள்ளி (ரிங்கிட்) தண்டம்.

அக்டோபர் மழை பிடிச்சா அறுத்த மறுநாளே தலை நீட்டும், அதனால இப்பவே ஆரம்பிங்க. என்னோடதுல வேலியோரம் மட்டும் இன்னும் பாக்கி, அது பக்கத்து வீட்டு அங்கிள் பக்கத்துலேர்ந்து வருது, அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.