2 டன் ஏசி போட்டால் சீக்கிரம் குளிருமா?

கேள்வி: எங்கள் படுக்கையறை 12 அடிக்கு 14 அடி. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. மேற்கில் பெரிய ஜன்னல். 1 டன் ஏசி போதும் என்கிறார் கடைக்காரர். 2 டன் போட்டால் சீக்கிரம் குளிரும் என்கிறார் உறவினர். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் அறைக்கு இரண்டுமே பொருந்தாது என்பேன். 1 டன் என்பது இயந்திரத்தின் எடையன்று. ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் தேவையோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் அறையிலிருந்து வெளியேற்றும் திறன். இது மணிக்கு 12,000 பிடியு (BTU என்னும் வெப்ப அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட்.

வெப்பமான இடங்களில் 100 முதல் 150 சதுர அடிக்கு 1 டன் என்று தோராயமாகக் கணக்கிடுவார்கள். உங்கள் அறை 168 சதுர அடி. ஆனால் பரப்பளவை மட்டும் பார்ப்பது போதாது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கூரைத்தளம் இரவிலும் வெப்பத்தை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும், மாலை வெயிலோ ஜன்னல் வழியாக நேரே உள்ளே வரும். ஆகவே 1.5 டன் எடுத்துக்கொள்ளுங்கள்.

2 டன் போட்டால் அறை சீக்கிரம் குளிரும் என்பது உண்மைதான். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. காற்றிலுள்ள ஈரம் ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த காயிலின் (குழாய்ச் சுருளின்) மேல் நீராகப் படிந்து, திரண்டு, வடிகுழாய் வழியே வெளியேறுவதற்குக் கம்ப்ரசர் தொடர்ந்து சிறிது நேரம் ஓடியாக வேண்டும். திறன் மிகுந்த இயந்திரத்தில் அதற்குள் வெப்பநிலை இறங்கிக் கம்ப்ரசர் நின்றுவிட, விசிறி மட்டும் சுழல, காயிலில் தங்கிய நீர் மறுபடி ஆவியாகி அறைக்குள்ளேயே வந்துவிடும். குளிர் இருக்கும், புழுக்கமும் இருக்கும். கம்ப்ரசர் அடிக்கடி நின்று நின்று ஓடுவதால் தேய்மானமும் கூடும்.

இன்வர்ட்டர் ஏசி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றாலும் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. விவரத்தாளில் குறைந்தபட்சத் திறன், அதிகபட்சத் திறன் இரண்டையும் கேட்டுப் பாருங்கள். அதில் குறிக்கப்படும் திறன் பெரும்பாலும் வெளியே 35 டிகிரி இருக்கையில் அளந்தது. வெயில் அதற்கு மேல் ஏறினால் திறன் குறையும்.

வாங்குவதற்கு முன் கூரைமேல் வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடித்து, ஜன்னலுக்கு வெளிப்புறமாக நிழல் அமைக்க முடியுமா என்று பாருங்கள். திரைச்சீலை, கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயிலைத்தான் மறைக்கும். இவ்விரண்டையும் செய்துவிட்டால், கடைக்காரர் சொன்ன 1 டன்னை மறுபடி கணக்கிட்டுப் பார்க்க இடமுண்டு.