கூடுதல் பணம் கொடுத்து கேம்பிங் இடம் வாங்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா ஜூனில் வந்து செப்டம்பர் வரை இருப்பார்கள். அவர்களை ராட்சத ரெட்வுட் மரங்கள் இருக்கும் ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் ஸ்டேட் பார்க்கில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்க வைக்க ஆசை. நண்பர் குடும்பத்தையும் சேர்த்து ஒன்பது பேர். சனி, ஞாயிறு எல்லாம் நிரம்பிவிட்டது. ஜூலை மாத புக்கிங் ஒன்றை 150 டாலர் அதிகம் கொடுத்தால் தருவதாக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பணம் இன்னும் அனுப்பவில்லை என்றால் பேச்சை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

காரணம் எளிது. அவர் உங்களுக்கு அனுப்பப்போவது ஒரு ஸ்கிரீன்ஷாட். அதையே இன்னும் நான்கு பேருக்கு அனுப்பினாரா என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. புக்கிங் அவர் கணக்கில்தான் இருக்கும், பெயரும் அவருடையதுதான். உங்கள் பணம் கைக்கு வந்த மறுநாளே அவர் அதை கேன்சல் செய்தால் பார்க் திருப்பித் தரும் தொகையும் அவருக்குத்தான் போகும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் கூடாரம், மெத்தை, குழந்தைகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐந்து மணி நேரம் ஓட்டிப்போய், வாசலில் அந்தப் பெயரில் எதுவுமே இல்லை என்று தெரிந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு மோட்டல் தேடி அலைந்தது. விற்றவர் அதற்குள் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

இந்த ஆட்கள் முளைப்பதற்கு இடம் கொடுப்பதே புக்கிங் முறைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க்குகளுக்கு ரிசர்வ் கலிஃபோர்னியா என்ற தளத்தில் ஆறு மாதம் முன்னால், காலை எட்டு மணிக்கு அந்தந்த நாளுக்கான இடங்கள் திறக்கும். ஜூலையில் காட்டில் தூங்க ஜனவரியில் அலாரம் வைக்க வேண்டும். அப்படி எடுத்தவர்களில் பலர் வருவதும் இல்லை, கேன்சல் செய்வதும் இல்லை. நிரம்பிவிட்டது என்று தளம் சொன்ன சனிக்கிழமையில் காலி மேசைகளை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். இதைச் சரி செய்யத்தான் 2023ல் ஏபி 618 என்று ஒரு சட்டம் போட்டார்கள். சட்டம் காகிதத்திலிருந்து கேம்ப்கிரவுண்டுக்கு வருவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடும் போலிருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வெள்ளி, சனி இரவுகளை விட்டுவிடுங்கள். அப்பா அம்மாவுக்கு ஏது வீக்எண்ட்? ஞாயிறு மதியம் போய் செவ்வாய் மதியம் திரும்புங்கள், நீங்கள் இரண்டு நாள் லீவு போட்டால் போதும். வார நாட்களில் கேன்சல் ஆகும் இடங்கள் அடிக்கடி கண்ணில் படும், தினமும் காலையில் ஒரு தடவை தளத்தைத் திறந்து பாருங்கள். பள்ளி திறந்த பிறகு, செப்டம்பரில், இன்னும் சுலபம். அந்தப் பார்க்கில் பர்லிங்டன், ஆல்பி க்ரீக், ஹிடன் ஸ்பிரிங்ஸ் என்று மூன்று கேம்ப்கிரவுண்டுகள் உண்டு. பெரியவர்களோடு போவதால் பர்லிங்டனை முதலில் தேடுங்கள், விசிட்டர் சென்டர் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு சைட்டுக்கு எட்டுப் பேர்தான், குழந்தைகளும் கணக்கில் வருவார்கள். அதனால் உங்களுக்கு இரண்டு சைட் வேண்டும்.

'ரெட்வுட் கேம்பிங் பேக்கேஜ்' என்று விற்பவர்களிடமும் ஜாக்கிரதை. பிக் பேசின் படத்தைப் போட்டு ஆசை காட்டுவார்கள். 1902ல் தொடங்கிய, கலிஃபோர்னியாவின் முதல் ஸ்டேட் பார்க் அது. 2020 ஆகஸ்ட் தீயில் கிட்டத்தட்ட முழுவதும் எரிந்தது, கேம்ப்கிரவுண்டுகளும் போயின. 2022ல் மறுபடி திறந்தது பகலில் சுற்றிப் பார்க்க மட்டும்தான். மியூர் வுட்ஸ் என்ற இன்னொரு ரெட்வுட் காட்டை யாராவது சொன்னால், அங்கே கேம்பிங்கே கிடையாது.

விறகை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஓக் மரங்களைக் கொல்லும் நோயும் பூச்சியும் விறகோடுதான் ஊர் ஊராகப் பயணம் செய்கின்றன. காட்டில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கவும் கூடாது. அங்கேயே கட்டுக்கட்டாக விற்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

கோடையில் தீ எரிக்கத் தடை வரலாம். தடை என்றதும் சமையலே இல்லை என்று நினைத்து மூன்று நாளும் ரொட்டியும் ஜாமுமாக ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதை விளக்கமாகச் சொல்கிறேன். தடை பெரும்பாலும் விறகுக்கும் கரிக்கும்தான். திருகினால் சட்டென்று அணையும் கேஸ் அடுப்புக்குப் பொதுவாக அனுமதி இருக்கும். கரியை அப்படி அணைக்க முடியாது, பொறியும் பறக்கும், அதனால் கரி கிரில் கூடாது. இரண்டு பர்னர் உள்ள கேம்பிங் அடுப்பு ஒன்று இருந்தால் அப்பாவுக்குக் காலை காப்பியும் ஆகும், ராத்திரி ரசமும் ஆகும். நிலைமை மோசமானால் அதையும் நிறுத்தச் சொல்வார்கள். அதனால் போய் இறங்கியதும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள்.

அப்புறம் சோறு. நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு கைப்பிடியைப் பறவைக்கு வைக்க அம்மாவுக்குக் கை போகும். அன்போடு தடுத்துவிடுங்கள். சிந்திய பருக்கைக்கு நீல நிற ஜே பறவைகள் கூடும். அதே ஜே பறவை, பழைய ரெட்வுட் கிளையில் முட்டையிடும் முர்ரெலெட் என்ற கடல்பறவையின் கூட்டையும் சூறையாடும். முர்ரெலெட் ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், அது போனால் போனதுதான். சாப்பாட்டையும் எச்சில் தட்டையும் சைட்டில் இருக்கும் உணவுப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். கரடி வராமல் இருக்கவும் அதுதான் வழி.

நடப்பதற்கு அந்தப் பார்க்கிலேயே இருக்கும் ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற மரத்தோப்பு போதும். அரை மைல் அளவுக்கு ஒரு சுற்று, பெரும்பாலும் சமதரை. 1991ல் சாய்ந்த டயர்வில் ஜயண்ட் என்ற ரெட்வுட் மரம் அங்கே படுத்திருக்கிறது. அதன் வேர்ப்பக்கம் அப்பாவை நிற்க வைத்துப் பாருங்கள், அப்போதுதான் மரம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

புக் செய்யும்போது வரைபடத்தில் கழிப்பறைக்குப் பக்கத்து சைட்டாகத் தேர்ந்தெடுங்கள். காட்டில் இருட்டு என்றால் அப்படி ஒரு இருட்டு, போனில் சிக்னலும் இருக்காது. ஆளுக்கொரு தலை டார்ச் வாங்கி, அம்மாவுக்கு வீட்டிலேயே ஒரு தடவை மாட்டிக் காட்டிவிடுங்கள்.