முதல் டிராக்டராக எதை வாங்கலாம்?

கேள்வி: ஒஹாயோவில் ஒரு ஏக்கர் மனையோடு வீடு வாங்கியிருக்கிறோம். பழைய கார்டன் டிராக்டர் ஒன்றை வாங்கி, பன்னிரண்டு வயது மகனோடு சேர்ந்து பிரித்து, மாட்டி, பழையபடி ஓட வைக்க வேண்டும் என்று ஆசை. பிறகு இரண்டு மூன்று சேர்க்கும் எண்ணமும் உண்டு. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். என்ஜினைத் திறந்து பழக்கமில்லை. பக்கத்தில் மூன்று வண்டிகள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று, வளைந்த ஃபெண்டர் வைத்த 1965 ஜான் டியர் 110. என்ஜின் இல்லை, பாதி பாகங்கள் பெட்டியில் கிடக்கின்றன. 'அரிய வண்டி' என்கிறார் விற்பவர். அடுத்தது இன்டர்நேஷனல் கப் கேடட் 122. ஓடுகிறது, கொஞ்சம் நீலப் புகை விடுகிறது, பெயின்ட் போய்விட்டது, புல் வெட்டும் டெக் கூடவே வருகிறது. மூன்றாவது ஜான் டியர் 317. பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. எதை எடுக்கலாம்? மின்சார எலெக்-டிராக் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பதில்: கப் கேடட் 122-ஐ எடுங்கள். காரணத்தையும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் வேறு வண்டி கண்ணில் பட்டால் நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம்.

இன்றைக்குக் கடையில் விற்கும் சாதாரண ரைடிங் மோவருக்கும் இந்தப் பழைய வண்டிகளுக்கும் பெயரில் கொஞ்சம் ஒற்றுமை இருக்கலாம், வேறு உறவு கிடையாது. மோவர் புல் வெட்டப் பிறந்தது. அறுபதுகளின் கார்டன் டிராக்டரோ ஏர் இழுக்க, மண் தள்ள, பனி வார என்று கணக்குப் போட்டுக் கட்டப்பட்டது. கனத்த இரும்புச் சட்டமும் வார்ப்பிரும்புக் கியர்பெட்டியும் அதற்காகத்தான். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் அறுபதுகளின் தொடக்கத்தில் கப் கேடட்டை லூயிவில் நகரத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கியது. ஃபார்மால் கப் என்ற அசல் பண்ணை டிராக்டர் அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கக் கியர் அமைப்பையே இந்தச் சின்ன வண்டிக்கும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு 1963-இல் ஜான் டியர், விஸ்கான்சினின் ஹொரிகான் ஊரிலிருந்து 110-ஐக் கொண்டுவந்தது. இந்தியானாவின் சவுத் பெண்டில் இதே மாதிரி வண்டி செய்த வீல் ஹார்ஸ் நிறுவனம் இவர்களுக்கும் முந்தியது. இவற்றில் எதை நல்ல நிலையில் வாங்கினாலும் அறுபது வருடத்துக்குப் பிறகும் வேலை செய்யும். நிலைதான் கேள்வி.

முதலில் அந்த 110. வளைந்த ஃபெண்டர் 1963 முதல் 1967 வரைதான் வந்தது. சேகரிப்பவர்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். விற்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வண்டி அரிது என்றால் அதன் பாகமும் அரிது. என்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்துவிடலாம், அது பெரிய விஷயமே இல்லை. என்ஜினைச் சுற்றிய தகரம், புகைக்குழாய், ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரைத் தாங்கும் கொக்கி, சரியான புல்லி, இருக்கைக்கு அடியில் வரும் ஒரு கம்பி என்று சில்லறைச் சாமான்கள்தான் உயிரை வாங்கும். பெட்டியில் என்ன இருக்கிறது என்பது தெரியும், என்ன இல்லை என்பது கடைசியில் மாட்டும்போதுதான் தெரியும். பாதி வண்டியை வாங்கினால் மீதிப் பாதிக்கு முழு வண்டியின் விலை கொடுக்க வேண்டி வரும். இதே 110 முழுசாக, ஓடினாலும் ஓடாவிட்டாலும், என்றைக்காவது கிடைத்தால் மூன்றாவது வண்டியாக யோசிக்கலாம். அதற்குள் எந்தப் பாகம் எங்கே உட்காரும் என்பது உங்கள் கைக்கே தெரிந்திருக்கும்.

317-இல் மாட்டிக்கொள்ளாதீர்கள். 1979 முதல் 1982 வரை வந்த வண்டி, வசதியில் மூன்றிலும் மேலானது: கிளட்ச் மிதிக்காமல் ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக், எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் லிஃப்ட் எல்லாம் உண்டு. குறை என்ஜினில். கோலர் கேடி17 இரட்டை சிலிண்டர் என்ஜினின் முதல் வடிவத்தில், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளுக்கு எண்ணெய் முழு அழுத்தத்தோடு போய்ச் சேராது. கடும் உழைப்பிலும் சரிவான நிலத்திலும் ராடு போய்விடும் என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது. பின்னால் கோலரே அதைத் திருத்தி இரண்டாம் வரிசை என்று வெளியிட்டது. ஜான் டியரும் 1983-இல் ஓனன் என்ஜின் வைத்து 318-ஐக் கொண்டுவந்தது. உங்கள் ஊர் 317-இல் என்ஜின் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் நல்ல வேலைக்காரன்தான்; கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனாலும் என்ஜினைத் திறந்து பார்க்காத ஒருவர் கற்றுக்கொள்ளத் தொடங்க வேண்டிய வண்டி அது இல்லை.

122 அறுபதுகளின் நடுவில் வந்தது. உள்ளே கோலர் கே301, ஒற்றை சிலிண்டர், 12 குதிரைத்திறன், வார்ப்பிரும்பு பிளாக். இந்த கே வரிசை என்ஜின்கள்தான் அந்தக் காலத்து 110-லும் பல வீல் ஹார்ஸ் வண்டிகளிலும் இருக்கின்றன. ஒன்றைப் பழகிவிட்டால் அடுத்து நீங்கள் வாங்கப்போகும் வண்டியிலும் பாதி தெரிந்ததாக இருக்கும். பிஸ்டன், ரிங், கேஸ்கெட், பாயிண்ட் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. மூன்று கியர், ஒரு கிளட்ச், என்ஜினிலிருந்து பின்னால் போகும் ஒரு ஷாஃப்ட். பானெட்டைத் தூக்கினால் பையனுக்கு எல்லாம் கண்ணாலேயே புரியும்.

ஒரு உதாரணம். நெருப்புப் பொறியைத் தூண்டும் சின்ன மின் சுவிட்சான இக்னிஷன் பாயிண்ட் என்ஜினின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடிக்கு அடியில் இருக்கிறது. உள்ளே கேம் சுழலும்போது ஒரு மெல்லிய கம்பி வெளியே வந்து வந்து அந்தப் பாயிண்டைத் திறந்து மூடுகிறது. மூடியைக் கழற்றி, என்ஜினைக் கையால் மெல்லச் சுழற்றி, இடைவெளி அதிகமாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் 0.020 அங்குலத் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. இதை உங்கள் மகன் கையிலேயே கொடுங்கள். நெருப்புப் பொறி எங்கிருந்து வருகிறது, ஏன் சரியாக அந்த நொடியில் வருகிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு நேராகச் சொல்லித் தராது.

சரி, பார்க்கப் போகும்போது என்ன செய்வது? நீங்கள் வரும்வரை என்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முதல் கிளப்பலை உங்களிடம் மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து எண்ணெய்க் குச்சி. கே301-இன் கனெக்டிங் ராடு அலுமினியம். பேரிங் எதுவும் இல்லாமல் நேராகக் கிராங்க்கின் மேல் ஓடுகிறது. அதற்கு எண்ணெய் தெறித்துத்தான் கிடைக்கும். எண்ணெய் குறைந்தபடி ஓட்டியிருந்தால் முதலில் அடிவாங்குவது அதுதான். கிளப்பிய பிறகு த்ராட்டிலைச் சட்டென்று ஏற்றி இறக்குங்கள். அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கேட்டால் என்ஜினைப் பிரிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

நீலப் புகைக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். ரிங் தேய்ந்திருக்கலாம், உண்மைதான். எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் புகை வரும். வால்வு மூடியில் இருக்கும், என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் தட்டுகளை முன்பு யாராவது வரிசை மாற்றி மாட்டியிருந்தாலும் வரும். அது அரை மணி நேர வேலை. விற்பவர் கம்ப்ரெஷன் அளவு சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். எளிதாகக் கிளம்ப வேண்டும் என்பதற்காக, மெதுவாகச் சுழலும்போது வால்வைச் சற்றே திறந்து வைக்கும் ஏற்பாடு இதன் கேம்ஷாஃப்டில் உண்டு. அதனால் நல்ல என்ஜினே குறைவாகக் காட்டும். உண்மை தெரிய வேண்டுமானால் காற்றை உள்ளே செலுத்திக் கசிவைப் பார்க்கும் சோதனைதான் வழி.

என்ஜினை விடப் பின்பக்கத்தைப் பாருங்கள் என்பேன். பின் கியர்பெட்டி எண்ணெயை ஒரு துளி எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கொஞ்சம் என்றால் வடித்துவிட்டுப் ஹைட்ரான் என்ற கியர்பெட்டி எண்ணெயைப் புதிதாக ஊற்றினால் தீர்ந்தது; வருடக்கணக்கில் வெளியில் கிடந்து தண்ணீர் சேர்ந்த வண்டி என்றால் பேரிங்குகளைப் பார்த்தாக வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டு நடுவில் ஓடும் டிரைவ் ஷாஃப்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் முறுக்குங்கள். அதை இணைக்கும் ஊசிகளும் அவற்றின் துளைகளும் தேய்ந்திருந்தால் கைக்கே 'டக்' என்று தெரியும். பெரிய செலவில்லை, ஆனால் பேரம் பேச நல்ல காரணம். முன்சக்கரங்களை ஆட்டிப் பாருங்கள். முன் அச்சு சட்டத்தில் மாட்டியிருக்கும் துளை முட்டை வடிவமாகத் தேய்வது இந்த வண்டிகளில் சகஜம். ஸ்டியரிங் ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் இறுக்கிச் சரிசெய்துவிடலாம். டயர் வெடித்திருந்தால் கவலையே வேண்டாம், வழக்கமான 23×8.50-12 பின் டயர் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. பானெட், முன் கிரில், ஃபெண்டர் ஆகிய தகரங்கள் முழுசாக இருக்கின்றனவா என்பதுதான் டயரைவிட முக்கியம். டெக்கைக் கவிழ்த்து அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் டெக்குக்கு விலை கிடையாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் இருக்கிற நிலையிலேயே ஓட விடுங்கள், புல் வெட்டுங்கள். ஒரு பருவம் ஓட்டினால் எது உண்மையில் பழுது, எது வெறும் அழுக்கு என்று வண்டியே சொல்லிவிடும். அப்புறம் ஒவ்வொரு பகுதியாக எடுங்கள்: பிரேக், ஸ்டியரிங், கிளட்ச், கடைசியில் என்ஜின். கழற்றும் முன் படம், கழற்றியதும் பெயர் எழுதிய பை. பழைய போல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

என்ஜினுக்கு முன்னால் இருக்கும், டெக் போன்ற கருவிகளுக்கு என்ஜின் சக்தியை அனுப்பும் பிடிஓ கிளட்ச்சில் மட்டும் அவசரம் கூடாது. அதை ஷாஃப்டில் பிடித்து வைத்திருக்கும் சின்னத் திருகுகள் ஒவ்வொரு துளையிலும் இரண்டிரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். ஒன்றைக் கழற்றிவிட்டு முடிந்தது என்று நினைத்து புல்லரை மாட்டி இழுப்பவர்கள் ஷாஃப்டையும் கெடுத்து கிளட்ச்சையும் உடைக்கிறார்கள். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு நாள் ஊறவிட்டு, துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, நல்ல ஆலன் கீயால் இரண்டாவதையும் எடுங்கள். என்ஜினைத் திறந்தால் இன்னொன்று: சில கே301-களுக்குள் அதிர்வைக் குறைக்க இரண்டு பேலன்ஸ் கியர்கள் இருக்கும். அவை உடைந்தால் பிளாக்கையே உடைத்துவிடும் என்பதால் பல மெக்கானிக்குகள் கழற்றி வைத்துவிடுகிறார்கள். நானும் கழற்றத்தான் சொல்வேன். அதிர்வு கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

துருப் பிடித்த பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் அமிழ்த்தி பேட்டரி சார்ஜரால் துரு நீக்கும் முறையைப் பலர் சொல்வார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சார்ஜரின் மறுமுனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது. நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். சாதாரண இரும்புத் துண்டு போதும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் கொட்டகைக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரமாகத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், பையனை அந்த வேலைக்கு விடாதீர்கள். பெயின்ட் எப்போது என்றால், எல்லாம் முடிந்து எண்ணெய் கசிவு நின்ற பிறகு. மஞ்சளும் வெள்ளையும் ஓரளவு மிஞ்சியிருந்தால் கழுவி மெழுகு பூசி அப்படியே விட்டுவிடச் சொல்வேன். புதுப் பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், தொழிற்சாலை அடித்ததை ஒருமுறை சுரண்டிவிட்டால் திரும்ப வராது.

மகனைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இன்றைய மோவரில் ஆள் இருக்கையை விட்டு எழுந்தால் என்ஜின் நின்றுவிடும். இந்த வண்டியில் அந்த ஏற்பாடு கிடையாது. ஆள் கீழே விழுந்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும், பிளேடும் சுழன்றுகொண்டே இருக்கும். இருக்கைக்கு அடியில் சுவிட்ச் ஒன்றை மாட்டி இக்னிஷனோடு இணைப்பதையே உங்கள் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். மடியில் உட்கார வைத்து ஓட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். டெக்கைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் கியரில், நீங்கள் பக்கத்தில் நடந்து வர ஓட்டிப் பழகட்டும்.

எலெக்-டிராக் கேட்டிருந்தீர்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் 1969-இல் கொண்டுவந்த வண்டி. 6 வோல்ட் பேட்டரி ஆறு சேர்ந்து 36 வோல்ட். கோல்ஃப் வண்டி பேட்டரியே அதற்குப் பொருந்தும், எனவே பேட்டரி கிடைக்காமல் நிற்காது. மின் வேலை தெரிந்தவர்களுக்கு அருமையான வண்டி. கிரீஸ் கையில் படியும் வேலைதான் இப்போதைய ஆசை என்பதால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். 122-ஐப் பார்க்கப் போகும்போது கயிறும் சாய்பலகையும் எடுத்துப்போங்கள். டெக்கோடு அன்றே ஏற்றிவர வேண்டும். 'டெக்கை அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.