அரை இஞ்சியா, ஒரு இஞ்சியா? குழாய்க் கேள்விகள்

உப்புவெளி வாசகர்: கூரையில் 1,000 லீற்றர் தாங்கி. மேல்மாடி சவரில் மட்டும் தண்ணீர் நூலாக வருகிறது. பெரிய தாங்கி வைக்கலாமா?

வைத்தும் பயனில்லை. அழுத்தத்தைத் தருவது உயரம், கொள்ளளவு அல்ல. 10 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் (அழுத்த அலகு). உங்கள் தாங்கி சவருக்கு 2 மீற்றர் மேலே என்றால் 0.2 பார்தான். அந்தக் கொஞ்சத்தையும் அரை இஞ்சிக் குழாயும் எல்போ வளைவுகளும் தின்றுவிடும். தாங்கியிலிருந்து ஒரு இஞ்சியில் இறக்குங்கள். கடைசி ஒரு முழம் மட்டும் அரை இஞ்சி. விட்டம் இரட்டித்தால், அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு ஏறத்தாழ 30இல் ஒரு பங்காகும். அரை இஞ்சியில் மிச்சம்பிடித்த காசு பிறகு பம்புக்குப் போகும்.

உவர்மலை வாசகர்: ரொறன்ரோவில் மகன் வீடு கட்டுகிறான். வீட்டைச் சூடாக்க, 1,000 சதுர அடித் தரைக்குள் சுடுதண்ணீர்க் குழாயை ஒரே சுற்றாக ஓட்டலாம் என்கிறான். சரியா?

மகனைத் தடுத்துவிடுங்கள். 8 இஞ்சி இடைவெளியில் 1,500 அடி குழாய் வேண்டும். அரை இஞ்சிப் பெக்ஸ் (வளையும் பிளாஸ்டிக்) குழாயில் ஒரு சுற்று 300 அடியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பம்ப் திணறும், கடைசி அறைக்குத் தண்ணீர் ஆறித்தான் போய்ச்சேரும். 250 அடியில் ஆறு சுற்றுகள், அவற்றுக்குத் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்க ஆறு வாய் உள்ள மனிஃபோல்ட். நீளங்கள் கிட்டத்தட்ட ஒன்றாயிருக்கட்டும், இல்லாவிட்டால் குட்டைச் சுற்றே தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

மனிஃபோல்ட் அளவுக்கு முதலில் வெப்ப இழப்புக் கணக்கு வேண்டும். அதை அங்குள்ள பொறியியலாளரே செய்யட்டும். திருகோணமலை வெயிலில் இருந்து நான் சொல்வது அழகல்ல. தண்ணீர் நிமிடத்துக்கு 1 லீற்றர் ஓடி, சுற்றி வருவதற்குள் 10 பாகை சூடு இறங்கினால் ஏறத்தாழ 700 வாட் கிடைக்கும். 6 கிலோவாட் தேவையென்றால் நிமிடத்துக்கு 9 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. 5 பாகைதான் இறங்குமென்றால் ஓட்டம் இரட்டிக்கும். இரண்டுக்குமே ஒரு இஞ்சி மனிஃபோல்ட் போதும்.

நிலாவெளி வாசகர்: சோலார் சுடுதண்ணீருக்குச் சாதாரண பிவிசி போதுமா?

கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூட்டைத் தாங்கும், சோலார் சூட்டைத் தாங்காது. 60 பாகையைத் தாண்டினால் இளகித் தொய்யும். சுடுதண்ணீருக்கென்றே வரும் சிபிவிசி அல்லது பிபிஆர் பிளாஸ்டிக் குழாய் போடுங்கள்.

அவரே: கிணறு உவர். ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) குழாய் போடலாமா?

வேண்டாம். உள்ளே துரு ஏறி, முக்கால் என்று வாங்கியது அரையாகிவிடும்.