30 வயதை 40 ஆக்க டிரஸ்டிக்கு அதிகாரம் உண்டா?

கேள்வி: கலிபோர்னியாவில் அப்பா எழுதி வைத்த டிரஸ்டுக்கு நான் டிரஸ்டி. தம்பிக்கு 30 வயதானதும் அவன் பங்கு முழுவதும் கைக்குப் போய்விடும். அவன் கையில் பணம் நிற்காது. டீகான்டிங் செய்து, அதாவது சொத்தை வேறு விதிகள் கொண்ட புதிய டிரஸ்டுக்கு மாற்றி, அந்த வயதை 40 ஆக்கலாமா?

பதில்: உங்கள் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. நானும் இங்கே அக்கா பிள்ளைகளுக்காக அத்தான் விட்டுப்போன டிரஸ்டைப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால், அநேகமாக உங்களால் முடியாது என்பதுதான் என் பதில்.

முதலில் பத்திரத்தை எடுத்து ஒரே ஒரு வரியைத் தேடுங்கள். 30 வயதுக்கு முன்னால் தம்பிக்காக அசலில் இருந்து எதற்கெல்லாம் எடுத்துக் கொடுக்கலாம் என்று சொல்லும் வரி அது. 'உடல்நலம், கல்வி, பராமரிப்பு, வாழ்க்கைச் செலவு' என்ற நான்கும் அதில் இருந்தால் உங்களுக்கு இருப்பது வரையறுக்கப்பட்ட அதிகாரம். பல வக்கீல்கள் வழக்கமாக எழுதுவது இதைத்தான். அத்தானின் பத்திரத்திலும் அதேதான். அப்படி எந்த வரையறையும் இல்லாமல் 'டிரஸ்டி தன் முழு விருப்பப்படி கொடுக்கலாம்' என்று மட்டும் இருந்தால் கதை வேறு.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று தானே முடிவு செய்யும் உரிமை டிரஸ்டிக்கு இருந்தால், அந்தப் பணத்தை நேரே கையில் கொடுப்பதற்குப் பதில் இன்னொரு டிரஸ்டில் போட்டுக் கொடுக்கலாம் என்பதே இதன் அடிப்படை. 1940-லேயே புளோரிடா உச்ச நீதிமன்றம் ஃபிப்ஸ் வழக்கில் இதை ஏற்றது. 1992-ல் நியூயார்க் இதற்கென்று முதலில் சட்டம் போட்டது. மாநிலங்களுக்கான பொது மாதிரிச் சட்டம் 2015-ல் வந்தது. கலிபோர்னியா அதை எடுத்துக்கொண்டு 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. உங்களைப் போன்ற வரையறுக்கப்பட்ட டிரஸ்டிக்கும் அந்தச் சட்டம் கதவைத் திறந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: பழைய டிரஸ்டில் ஒவ்வொரு பயனாளிக்கும் என்ன உரிமை இருந்ததோ, கிட்டத்தட்ட அதே உரிமை புதியதிலும் இருக்க வேண்டும். 30 வயதில் வரவேண்டியதைப் பத்து வருஷம் தள்ளிப்போட்டால் அது அதே உரிமை ஆகாது.

அப்படியென்றால் எதைத்தான் மாற்றலாம்? நிர்வாகத்தை. உங்களுக்குப் பிறகு யார் டிரஸ்டி, முதலீட்டு முடிவை வேறொருவரிடம் பிரித்துக் கொடுப்பதா, டிரஸ்டை எந்த மாநிலத்தில் இருந்து நடத்துவது, குழப்பமாக எழுதப்பட்ட பிரிவைத் தெளிவாக்குவது, இப்படி. குடியிருப்பவரின் உரிமையைத் தொடாமல் வீட்டின் குழாயையும் வயரிங்கையும் மாற்றுவது போல. உங்கள் கட்டணத்தை உயர்த்த மட்டும் இந்த வழியைப் பயன்படுத்த நினைக்காதீர்கள். பயனாளிகளின் எழுத்துச் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் அது நடக்காது.

ஒரு முக்கியமான விலக்கு உண்டு. பயனாளிக்கு ஊனமோ தீராத நோயோ இருந்து, அரசு உதவி தேவைப்படுகிறது என்றால், வரையறுக்கப்பட்ட டிரஸ்டியும் அவர் பங்கைச் சிறப்புத் தேவை டிரஸ்டுக்கு, அதாவது அரசு உதவி கெடாதபடி பணத்தை அவருக்காக வைத்திருக்கும் டிரஸ்டுக்கு, மாற்றலாம். எஸ்எஸ்ஐ என்ற மத்திய அரசின் மாத உதவித்தொகை பெற தனிநபரின் பெயரில் 2,000 டாலருக்கு மேல் கணக்கில் வரும் சொத்து இருக்கக் கூடாது. 30 வயதில் மொத்தமாகப் பணம் வந்தால் அந்த உதவி நின்றுபோகும். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எத்தனையோ குடும்பங்களின் வயிற்றில் பால் வார்த்திருக்கும்.

எதைச் செய்வதானாலும் 60 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். புதிய டிரஸ்டின் நகலோடு அது தம்பிக்கும் போகும், அதனால் அவனுக்குத் தெரியாமல் முடிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். இன்னொன்றையும் பாருங்கள்: தம்பி 30-க்கு முன் இறந்தால் அவன் பங்கு யாருக்கு? உங்களுக்கு என்றால், வயதைத் தள்ளிப்போடுவதில் உங்களுக்கே லாபம். நீங்கள் எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும் நீதிபதி அதைத்தான் முதலில் கேட்பார்.

வேறு வழிகள் இருக்கின்றன. பயனாளிகள் எல்லோரும் சம்மதித்தால் டிரஸ்டை மாற்றச் சொல்லி கோர்ட்டில் மனு போடலாம். அப்பா எதிர்பார்க்காத சூழ்நிலை ஏதாவது வந்துவிட்டது என்று காட்ட முடிந்தால் அதற்கும் தனி மனு உண்டு. வெறும் 'செலவாளி' என்பது அதற்குப் போதுமா என்பது சந்தேகமே. நானாக இருந்தால் முதலில் தம்பியிடம் உட்கார்ந்து பேசுவேன். பணம் வந்ததும் அவனே தன் பங்கில் ஒரு பகுதியைப் புதிய டிரஸ்ட் ஒன்றில் போடலாம், அதை யாரும் தடுக்க முடியாது. அந்தப் பேச்சுக்கு அவனுக்கென்று தனி வக்கீல் இருக்கட்டும். உங்கள் வக்கீலே அவனுக்கும் யோசனை சொல்லக் கூடாது.