பின்சீட்டு சொன்னால் கேட்கணும்

கேள்வி: பழைய கார் ஒன்றின் என்ஜினைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் லெட்-ஆசிட் பேட்டரிகளும் பொருத்தி வைத்திருக்கிறார் என் கணவர். மாற்று எரிபொருள் வண்டிகளுக்கான சாலைப் பந்தயத்துக்குக் குடும்பத்தோடு போகலாம் என்கிறார். நீங்களும் போனவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பந்தயமா என்று எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, அக்கா.

பதில்: பந்தயம் என்ற சொல்தான் நம்மை மிரட்டுகிறது. நானும் மிரண்டேன். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே வேகமாகப் போகிறவருக்குத்தான் கெட்ட பெயர். நாங்கள் ஓட்டியது பொதுச்சாலையில், எல்லா வண்டிகளுக்கும் நடுவே, சாலை விதிப்படி. குறித்த நேரத்துக்கு முன்னால் போய் நின்றாலும் புள்ளி போகும், பிந்தினாலும் போகும். எவ்வளவு மின்சாரம் தின்றோம் என்ற கணக்கு தனி. 1987-ல் ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3000 கி.மீ. ஓடிய முதல் உலக சூரியசக்திப் பந்தயத்தில் ஜெயித்த சன்ரேசர் காரின் சராசரி வேகமே மணிக்கு 67 கி.மீ.தான்!

எங்கள் வண்டியும் உங்களுடையது போலத்தான். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் எட்டு. பெருக்கினால் 9.6 கிலோவாட்-மணி வரும், அதுதான் மொத்த மின்சாரக் கையிருப்பு. இந்தக் கணக்கை என் கணவர் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சாலையில் கைக்கு வந்தது அதில் பாதி. லெட்-ஆசிட் அப்படியொரு பிறவி. மெதுவாகக் கேட்டால் தரும், அதட்டிக் கேட்டால் கையை விரித்துவிடும்.

எனக்கு வழிக்குறிப்புப் புத்தகம், அவருக்கு ஸ்டீயரிங். பன்னிரண்டு வயது மகளுக்குப் பின்சீட்டில் ஒரு வோல்ட்மீட்டரும் நோட்டும். எட்டுக்கும் சேர்த்து முள் 84 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கத்த வேண்டும், அதாவது பேட்டரிக்கு 10.5 வோல்ட், அதற்குமேல் உறிஞ்சக்கூடாது. அவள் சும்மா இருக்கட்டும் என்று கொடுத்த வேலைதான், உண்மையைச் சொல்கிறேனே.

இரண்டாம் நாள் ஒரு நீண்ட ஏற்றம். முன்னால் போன வண்டியை விடக்கூடாது என்று இவர் மிதித்தார். "அப்பா, 86... 84... 82!" "இன்னும் கொஞ்சம்தான்டா." அந்தக் கொஞ்சம் முடிவதற்குள் வண்டி நடக்க ஆரம்பித்து, பிறகு நின்றேவிட்டது. ஓரங்கட்டினோம். யாரும் யாரோடும் பேசவில்லை. இருபது நிமிடம் கழித்துப் பின்னாலிருந்து ஒரு குரல்: "97 காட்டுது." பேட்டரித் தகடுகளின் நுண்துளைகளுக்குள் தீர்ந்துபோன அமிலத்துக்குப் பதிலாகச் சுற்றியுள்ள அமிலம் மெல்ல ஊறி வந்து சேர்ந்ததும் வோல்டேஜ் ஏறிக்கொள்கிறது. இவருக்கு அது தெரியாததல்ல. ஆனால் அதன் பிறகுதான் அவள் 'விடு' என்றால் காலை எடுத்தார். 80-லிருந்து 60-க்கு இறங்கினாலே காற்றுத்தடை கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறதே, எடுத்தால் என்ன குறைந்துவிடும்? எங்களுடையது டிசி சீரிஸ் என்ற வகை மோட்டார். இப்போதைய மின்சாரக் கார்கள் போல இறக்கத்தில் மின்சாரத்தைத் திருப்பித் தராது. ஏற்றத்தில் விட்டது விட்டதுதான்.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. எட்டு பேட்டரிகளும் சேர்ந்து சுமார் 240 கிலோ. பின்சீட்டில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்பே மூன்று பெரியவர்கள் ஏறி உட்கார்ந்த மாதிரி. ஸ்பிரிங்கும் பிரேக்கும் அதற்குத் தாங்குமா என்று கேளுங்கள். இறுக்கிக் கட்டாத பேட்டரி, மோதலில் பிள்ளைகள் மேல்தான் வந்து விழும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது காருக்குள் தங்காமல் வெளியே போக வழி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் துண்டிக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் உங்கள் கணவர் தடுமாறாமல் பதில் சொன்னால் பிள்ளைகளோடு கிளம்புங்கள். "பார்த்துக்கலாம்" என்றால் இந்த வருடம் வேண்டாம்.

கேள்வி: பொரித்த எண்ணெயில் ஓடும் காரும் இதில் வருமா? நம்பவே முடியவில்லையே!

பதில்: 1900-ல் பாரீஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. நாங்கள் போனபோது பக்கத்தில் நின்றது பயோடீசல் வண்டி, அப்பாவும் மகனும். எண்ணெயில் மெத்தனாலும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்து, கீழே தங்கும் கிளிசரினை எடுத்துவிட்டுத் தயாரித்தது. முதல் நாளே திணறி நின்றார்கள். பயோடீசல் பழைய டேங்கில் படிந்த அழுக்கையெல்லாம் கரைத்து ஃபில்டரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்தப் பையன் மாற்று ஃபில்டர்கள் மூன்றைப் பையில் வைத்திருந்தான். அப்பாவுக்குத் தெரியாமல்.

கேள்வி: கடைசியில் ஜெயித்தீர்களா, இல்லையா?

பதில்: இல்லை. அந்த இருபது நிமிடத்துக்கான புள்ளிகள் போனது போனதுதான். மூன்றாம் நாள் மட்டும் குறித்த நேரத்துக்கு 40 விநாடி பிந்திப் போய்ச் சேர்ந்தோம். நோட்டில் அதற்குக் கீழே மகள் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறாள்.