கரையில நின்னே 50 வகை மீன் பிடிக்கணும், எதுல காசு போடறது?

கேள்வி: ரெண்டு வருஷமா கடல் கரையில தூண்டில் போடறேன், பாறை, சீலா, கெளுத்தி, கொடுவான்னு இதுவரைக்கும் 17 வகை மீன் பிடிச்சு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். ஒரு வருஷத்துக்குள்ள 50 ஆக்கணும்னு ஆசை. கடையில கேட்டா 12 அடி ராடும் 6000 சைஸ் ரீலும் வாங்குங்க, தூரமா வீசினாதான் விதவிதமா மாட்டும்னு சொல்றாங்க. வாங்கலாமா?

பதில்: வேண்டாங்க. அந்த செட்டு பெரிய மீனுக்கு நல்ல செட்டுதான், நான் குறை சொல்லல, ஆனா உங்க கணக்கு வேற, உங்களுக்கு எடை முக்கியமில்ல, வகைதான் முக்கியம். இப்ப நீங்க பிடிச்சிருக்கற லிஸ்ட்ட பாருங்க, எல்லாமே வாய் பெரிசா இருக்கற மீனு. கரையோரம் இருக்கற வகையில நிறைய பேரு சின்ன வாய்க்காரங்க, அதுங்க உங்க காலுக்குக் கீழயே பாறை இடுக்குலயும் பாலத் தூண்லயும் பாசிக்குள்ளயும் இருக்குது. டொக் டொக்னு தட்டுது, இழுத்துப் பாத்தா தூண்டில் முள்ளு மட்டும் வருது, இரையக் காணோம், இப்படி எத்தனை தடவை ஆகியிருக்கும்? அதுதான் உங்க 18-வது வகை, முள்ளு பெருசா இருந்ததால உங்களுக்கு யாருன்னே தெரியாம போச்சு.

அதனால முதல் காசு முள்ளுக்கு. நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாகும், 1-க்கு அப்புறம் 1/0, 2/0ன்னு போனா திரும்ப பெருசாகும், புதுசா வாங்கறவங்க இதுலதான் மாத்தி வாங்கிட்டு வந்துடறாங்க. கிழங்கான், காரல், முரல் மாதிரி மீனுக்கு 10-லருந்து 14 வரைக்கும், உளுவைக்கும் பாறை இடுக்குல ஒளிஞ்சிருக்கற பொடிசுகளுக்கும் 18, 20 கூட வேணும். தண்டு நீளமா இருக்கற முள்ளா பாத்து எடுங்க, சின்ன வாய்லருந்து கழட்ட அதுதான் சுலபம். பாக்கெட்ட பிரிச்சதும் ஒரு முள்ள எடுத்து கட்டைவிரல் நகத்து மேல லேசா வச்சு இழுங்க, நகத்துல கடிச்சு நின்னா நல்லது, வழுக்கிட்டுப் போனா அது மொக்கை. இரையும் அதே அளவுக்கு இருக்கணும், முழு இறால கோத்துட்டு உளுவைய எதிர்பாக்கக் கூடாது, உரிச்ச இறால்ல முள்ளோட நுனி மறையற அளவு துண்டு போதும்.

ராடு 7 அடி பக்கம், வீசக்கூடிய எடை 5லருந்து 20 கிராம்னு ராடு மேலயே எழுதியிருக்கும், அதோட 2500 சைஸ் ரீல், 0.8 இல்லன்னா 1-ம் நம்பர் பி.இ. பிரெய்டு, அதாவது பின்னின நூல். இது ஒண்ணே உங்க லிஸ்ட்ல முக்கால்வாசிய முடிச்சிடும். வாங்கும்போது ராடுல இருக்கற ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் பஞ்ச விட்டு சுத்திப் பாருங்க, பஞ்சு சிக்கினா அங்க விரிசல் இருக்குன்னு அர்த்தம், அந்த விரிசல் மெல்லிசு பிரெய்ட கத்தி மாதிரி அறுத்துடும். பெரிய செட்டு அலை தாண்டி போட வேண்டிய திருக்கை மாதிரி மீனுக்கு வேணும்தான், அத 40-வது வகை தாண்டினப்புறம் யோசிங்க.

கேள்வி: ஒரு ரீல்ல 13 பேரிங், இன்னொண்ணுல 5 பேரிங், விலை ரெண்டும் ஒண்ணுதான். 13 தானே நல்லது?

பதில்: எண்ணிக்கைய பாத்து ஏமாறாதீங்க. ஒரே விலைக்கு 13 குடுக்கறாங்கன்னா ஒவ்வொண்ணும் மட்டமா இருக்க வாய்ப்பு அதிகம், உப்புத் தண்ணி பட்டா அத்தனையும் துருப்பிடிக்கும். மூடி போட்ட பேரிங்கான்னு கேளுங்க, கைப்பிடிய முன்னாடி பின்னாடி ஆட்டிப் பாருங்க, லொட லொடன்னு ஆடக் கூடாது, டிராக்க (மீன் இழுக்கும்போது நூல விட்டுக் குடுக்கற பிரேக்) லூஸாக்கி நூல மெதுவா இழுங்க, விட்டு விட்டு வராம ஒரே சீரா வரணும்.

அப்புறம் வீட்டுக்கு வந்து கழுவறதுல நான் செஞ்ச தப்ப நீங்க செய்யாதீங்க. என்னோட ரீல் ஒண்ண ஒவ்வொரு தடவையும் பைப்ப வேகமா திறந்து அடிச்சு கழுவுவேன், சுத்தமா இருக்குன்னு நினைச்சேன், ஆனா அந்த வேகம் உப்ப உள்ள தள்ளிடுச்சு. நாலு மாசத்துல நூல் ஓடற குட்டி உருளை சுத்தாம நின்னுபோச்சு, கழட்டினா உள்ள வெள்ளையா உப்பு கெட்டியா படிஞ்சிருக்கு, நூல் அது மேல உரசி உரசி மீட்டர் கணக்குல பிசிறாகிடுச்சு. டிராக்க இறுக்கிட்டு நல்ல தண்ணிய மேலாப்புல ஊத்துங்க, துடைங்க, காய விடுங்க, எடுத்து வைக்கும்போது டிராக்க திரும்ப லூஸாக்கிடுங்க.

கேள்வி: லீடருக்கு, அதாவது முள்ளுக்கு முன்னாடி கட்டற துண்டு நூலுக்கு, ஃபுளோரோகார்பன் வாங்கினேன், விலை ரொம்ப கம்மியா இருந்துச்சு, ஒரிஜினலான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

பதில்: லேபிள்ல "கோட்டட்"னு எங்கயாவது பொடி எழுத்துல இருக்கான்னு பாருங்க, இருந்தா அது நைலான் மேல பூச்சுதான். ஃபுளோரோகார்பனோட அடர்த்தி 1.78, நைலானோடது 1.14 தான். ரெண்டுலயும் ஒரு துண்டு வெட்டி நல்ல தண்ணிக்குள்ள விரலால அமுக்கி விடுங்க, ஒரிஜினல் சட்டுனு கீழ போகும், நைலான் ஆடி அசைஞ்சு போகும். தாங்கற பவுண்டு கணக்க விட தடிமனோட மி.மீ. கணக்க பாத்து வாங்கறது நல்லது, சின்ன முள்ளோட காதுக்குள்ள நுழையணும்ல.

கேள்வி: வகை தெரியாத மீன் வந்தா என்ன செய்யறது, இதுக்கு ஏதாவது வாங்கணுமா?

பதில்: மூணு பொருள் வாங்குங்க, மாட்டின மீன கவ்விப் பிடிச்சுக்கற கிரிப்பு, நீள மூக்கு குறடு, கண்ணாடி மாதிரி தெரியற ஒரு சின்ன அக்ரிலிக் பெட்டி. வகை தெரியாத வரைக்கும் வெறும் கையால தொடவே தொடாதீங்க. கெளுத்தியோட முள்ளுலயும், ஓராவோட முதுகு முள்ளுலயும், பாறைக்குள்ள கல்லு மாதிரி கிடக்கற மீனுலயும் விஷம் இருக்கு. குத்திட்டா கை தாங்கற சூட்டுல, 45 டிகிரிக்கு மேல போகாம, சுடுதண்ணியில முக்கி வச்சுட்டு டாக்டர்கிட்ட போயிடுங்க. பேத்தைய (உடம்ப பந்து மாதிரி ஊதிக்கற மீன்) வீட்டுக்கே கொண்டு போகாதீங்க, அதோட விஷம் சமைச்சாலும் போகாது.

அந்தப் பெட்டியில கடல் தண்ணிய ரொப்பி மீன விட்டீங்கன்னா கொஞ்ச நேரத்துல அமைதியாகி துடுப்ப விரிக்கும், அப்ப பக்கவாட்டுல ஒரு போட்டோ. கையில தொங்க விட்டு எடுத்தா துடுப்பு மடிஞ்சு ஒட்டிக்கும், முதுகுத் துடுப்புல எத்தனை முள்ளு, வால் வெட்டு எப்படின்னு எதுவும் தெரியாது, நிறைய வகைய அத வச்சுதான் பிரிச்சுப் பாக்க முடியும். போட்டோ எடுத்ததும் பெட்டியோட கடல்ல சாய்ச்சா அதுவே நீந்திப் போயிடும்.